கிட் லென்ஸுக்கு அடுத்து எது? கேனான் 700டி, 18-55, அதற்கப்புறம்

24 நவம்பர் 2024, வாசகர் கேள்வி

அண்ணா, என்னிடம் இருப்பது கேனான் 700டி. கூட வந்த 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸில்தான் எல்லாப் படமும் எடுக்கிறேன். ஒரு 55-250 உண்டு, எப்போதாவது வெளியே வரும். பகலில் வெளியே எடுத்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்குள், கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் கோயில் வாசலில் எடுத்தால் ஒன்று ஆடியிருக்கும், இல்லை புள்ளி புள்ளியாக இருக்கும். மகளுக்கு நான்கு வயது, ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். லென்ஸை மாற்றி மாற்றி மாட்ட எனக்குப் பொறுமை இல்லை. 24-105 எல் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கிவிடலாமா?

24 நவம்பர், இரவு

வேண்டாம்.

24-105 எஃப் 4 எல் நல்ல லென்ஸ்தான், எல் என்பது கேனானின் உயர்தர வரிசை. 2005இல் வந்தது, ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் பலர் வேறு எதையும் மாட்டாமலேயே வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் 700டி கிராப் பாடி, அதாவது சென்சார் அதைவிடச் சின்னது. லென்ஸ் பெயரில் உள்ள மிமீ எண் கூடக் கூடக் காட்சி குறுகும்; 1.6ஆல் பெருக்கினால் 24 என்பது ஃபுல் ஃப்ரேமின் 38 மாதிரி ஆகிவிடும். வெளியே இது பெரிதாகத் தெரியாது, வீட்டுக்குள் போனதும் கழுத்தைப் பிடிக்கும்.

உங்கள் வீட்டு ஹாலில் சுவரோடு ஒட்டி நின்றால் எதிரே சோபா எவ்வளவு தூரம்? மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் 24 மிமீ பிடிக்கும் அகலம் ஏறக்குறைய 2.8 மீட்டர். தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தால் ஐந்து பேர். உங்கள் கிட் லென்ஸின் 18 மிமீ 3.7 மீட்டர் பிடிக்கும், ஏழு பேர். 15 மிமீ என்றால் 4.5 மீட்டர், ஓரத்தில் நிற்கும் அத்தையும் உள்ளே வந்துவிடுவார். 24-105 வாங்கினால் கையில் இருக்கும் ஏழு பேரை ஐந்தாகக் குறைக்கப் பணம் கொடுக்கிறீர்கள்.

வெளிச்சத்திலும் பெரிய லாபம் இல்லை. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். 55 மிமீ பக்கம் எஃப் 5.6 இருந்த இடத்தில் எஃப் 4 கிடைக்கும், ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். அகலமான பக்கத்தில் உங்கள் கிட் லென்ஸ் ஏற்கனவே எஃப் 3.5.

25 நவம்பர்

"ஐஎஸ் நல்லதாக இருந்தால் போதும், எஃப் 2.8 எல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐஎஸ் என்பது ஆட்டத்தை அடக்க லென்ஸுக்குள் இருக்கும் வசதி. பூ ஜாடிக்கும் கோயில் தூணுக்கும் அது சரி. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சரியில்லை.

ஆட்டம் இரண்டு வகை. உங்கள் கை ஆடுவது ஒன்று, எதிரே இருப்பவர் அசைவது இன்னொன்று. ஐஎஸ் முதலாவதைத்தான் அடக்கும். குழந்தை தலையைத் திருப்பினால் எந்த ஐஎஸ்ஸாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. ஆடிய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் காலண்டர் தெளிவாக இருந்து, பிள்ளையின் முகம் மட்டும் இழுபட்டிருந்தால் அது ஷட்டர் வேகக் குறை. காலண்டரும் சேர்ந்து இழுபட்டிருந்தால் கை ஆட்டம்.

எஃப் 5.6இலிருந்து எஃப் 2.8க்கு வந்தால் நான்கு மடங்கு வெளிச்சம். 55 மிமீயில் 1/30 வினாடியில் எடுத்துக்கொண்டிருந்த படத்தை 1/125இல் எடுக்கலாம். இல்லையென்றால் ஷட்டரை அப்படியே விட்டு, ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு, கூட்டினால் புள்ளி புள்ளியாகும்) 6400இலிருந்து 1600க்கு இறக்கலாம். 700டியில் இந்த இரண்டு ஐஎஸ்ஓவுக்கும் உள்ள வித்தியாசம் தபால் அட்டை அளவிலேயே தெரியும். ஏ4 பிரிண்ட் போட்டால் கேட்கவே வேண்டாம், 6400இல் முகத்தின் தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று யாரும் அதிகம் சொல்வதில்லை. 700டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளி உண்டு. நடுப்புள்ளி எஃப் 2.8 லென்ஸ் மாட்டினால் கூடுதல் துல்லியத்தோடு வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். கிட் லென்ஸில் அந்த வசதி எழுந்திருக்கவே வழியில்லை. மங்கலான மண்டபத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவது குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

25 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

"கிட் லென்ஸ் ஷார்ப் இல்லை, அதனால்தான் மாற்றணும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் எஃப் 8இல் எடுத்த 18-55 எஸ்டிஎம் படத்தையும் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள லென்ஸ் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலோருக்குக் கண்டுபிடிக்க வராது. 205 கிராம் எடையில் அது செய்கிற வேலை பெரிது. ஷார்ப்னெஸுக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் அந்தப் பணத்தில் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள்.

28 நவம்பர்

கேட்டவருக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு வருஷத்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த மிமீயில் எத்தனை எடுத்திருக்கிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். லைட்ரூமில் மெட்டாடேட்டா ஃபில்டர் இருக்கிறது, இலவச டிஜிகாமிலும் செய்யலாம். 18இல் குவிந்திருந்தால் அகலம் போதவில்லை. 55இல் குவிந்திருந்தால் தூரம் போதவில்லை. நடுவில் பரவியிருந்தால் வெளிச்சத்தை மட்டும் கவனித்தால் போதும்.

1 டிசம்பர்

சரி, கிராப் பாடிக்கென்றே செய்த லென்ஸ்களுக்கு வருவோம். என் மனதில் உள்ள வரிசையிலேயே சொல்கிறேன்.

கேனான் இஎஃப்-எஸ் 17-55 எஃப் 2.8 ஐஎஸ் யுஎஸ்எம். 2006இல் வந்தது, நான் 70டியில் மாட்டி வைத்திருப்பது இதுதான். ஜூம் எங்கே இருந்தாலும் எஃப் 2.8. ஃபோகஸ் சத்தமில்லாமல் டக்கென்று போய் உட்காரும், ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போதே வளையத்தைக் கையால் திருகலாம். கண்ணாடியின் தரம் எல் லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும், உடம்பு அப்படியில்லை. தூசி, மழைக்கு அடைப்பு கிடையாது. முன் கண்ணாடிக்குப் பின்னால் தூசி சேரும் என்பது இந்த லென்ஸின் பழைய புகார், என்னுடையதிலும் இருக்கிறது. படத்தில் ஒரு நாளும் தெரிந்ததில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க முன்னால் மாட்டும் ஹூடைத் தனியாக வாங்க வேண்டும், அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

எடை 645 கிராம். உங்கள் 700டி பேட்டரியோடு 580 கிராம். கேமராவை விட லென்ஸ் கனம், அதனால் இடது கை லென்ஸுக்கு அடியில் இருந்தே ஆக வேண்டும்.

சிக்மா 17-50 எஃப் 2.8 ஓஎஸ், 2010. ஓஎஸ் என்றால் சிக்மாவின் ஐஎஸ். காசுக்கு ஏற்ற லென்ஸ் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நடுப்பகுதி எஃப் 2.8இலேயே கூர்மை, ஓரங்கள் எஃப் 4 தாண்டினால் சரியாகும். ஆட்டோ ஃபோகஸ் நடக்கும்போது முன் வளையம் சுற்றும், விரல் தடுக்காமல் பிடிக்கப் பழக வேண்டும்.

டாம்ரான் 17-50 எஃப் 2.8இல் இரண்டு வகை. ஐஎஸ் மாதிரியான விசி இல்லாத பழையது, விசி உள்ளது. பழையது சின்னது, கூர்மையானது, ஆனால் ஃபோகஸ் மோட்டார் சத்தம் போடும். தாலி கட்டும் நேரத்தில் மேளம் அடிக்கிற வரைக்கும் பரவாயில்லை.

கேனான் 15-85, 2009. கிராப் பாடிக்கு வந்த பகல் நேர லென்ஸ்களில் எனக்கு மிகப் பிடித்தது. ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24இல் தொடங்கி 136 வரை போகும். குறுகலான தெருவில் நின்று தேரைப் பிடிக்க, கோபுரத்தை அடிவாரத்திலிருந்து எடுக்க, அந்த 15க்கும் 18க்கும் உள்ள மூன்று மிமீ மிகப் பெரிய விஷயம். ஆனால் வெளிச்சம் எஃப் 3.5 முதல் 5.6, உங்கள் கிட் லென்ஸ் மாதிரியேதான். உங்கள் நோய்க்கு இது மருந்து இல்லை.

கேனான் 18-135 யுஎஸ்எம், 2016. வீடியோ எடுப்பவர்களுக்கு. மேலே சொன்னதே இதற்கும்.

சிக்மா 18-35 எஃப் 1.8, 2013. ஜூமில் எஃப் 1.8 என்பதே அப்போது ஆச்சரியம். 810 கிராம், ஐஎஸ் இல்லை, 35இல் முடிந்துவிடும். ஒரே லென்ஸோடு திரிய வேண்டும் என்றீர்களே, அதற்கு ஒத்துவராது.

ஆக, உங்களுக்கு 17-55. பணம் இடித்தால் சிக்மா 17-50.

3 டிசம்பர்

மிமீ கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்தேன். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பையிலிருந்து எடுக்கும்போது ஜூம் பெரும்பாலும் 18இல் இருக்கும், அவசரத்தில் அப்படியே தட்டிவிடுவோம். அந்தப் படங்கள் அகலம் கேட்டவை அல்ல, நேரம் இல்லாதவை. அதனால் 18இல் உள்ளவற்றைத் திறந்து, எத்தனையில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யாருடைய கையாவது, வாழை மரமாவது பாதியில் நிற்கிறதா? அதுதான் அகலம் போதாததற்கு அடையாளம்.

இன்னொரு பக்கம், எடுக்காமல் விட்ட படங்கள் எந்தக் கணக்கிலும் வராது. வெளிச்சம் இல்லை என்று கேமராவைப் பைக்குள் வைத்த சாயங்காலங்களை நீங்களேதான் நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் அவைதான் அதிகம் இருக்கும்.

4 டிசம்பர்

50 எஃப் 1.8 வாங்கச் சொன்ன நண்பருக்கு: அதே ஹால், அதே மூன்று மீட்டர், 50 மிமீ பிடிப்பது 1.3 மீட்டர். இரண்டு பேர். முகப்படத்துக்கு அற்புதம், விலையும் குறைவு, வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் ஜூமின் இடத்தை அது நிரப்பாது. ஒரே சின்ன லென்ஸ்தான் என்றால் 24 எஃப் 2.8 எஸ்டிஎம் பாருங்கள். 125 கிராம், வீட்டுக்குள் மூச்சு முட்டாது.

8 டிசம்பர்

செகண்ட் ஹேண்ட் எப்படிப் பார்த்து வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டதால், 700டி மாதிரிக் கண்ணாடி உள்ள பழைய எஸ்எல்ஆர் கேமராவின் லென்ஸ்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

முதலில் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நம் ஊர்க் கடலோரக் காற்றில் அலமாரிக்குள் மூடி வைத்த லென்ஸ் தப்புவது கஷ்டம். இரண்டு மூடியையும் கழற்றுங்கள், அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) திறந்தேதான் இருக்கும். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும், அதை விட்டுவிடலாம். ஓரத்திலிருந்து மெல்லிய நரம்பு மாதிரி கிளை விட்டு ஓடினால் அது ஃபங்கஸ். "சுத்தம் பண்ணிடலாம்" என்று எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி மேல் பூச்சை அது அரித்திருந்தால் சுத்தம் செய்த பிறகும் தடம் போகாது.

அடுத்து, உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டுங்கள். எஃப் 2.8, எஃப் 5.6, எஃப் 11 என்று 17, 35, 55 மூன்று இடத்திலும் தட்டுங்கள். 17-55இல் உள்ளே போகும் பட்டைக் கேபிள் வயதானால் விடும். அப்போது அப்பர்ச்சர் மூடாமல் எரர் 01 வரும். எஃப் 2.8இல் மட்டும் நன்றாக எடுத்து, மூடினால் எரர் காட்டும் லென்ஸ்களை எஃப் 2.8 படத்தைக் காட்டியே விற்றுவிடுவார்கள். நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கி வந்தார், வீட்டில் எஃப் 8 வைத்ததும் ஸ்கிரீனில் எரர். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

பிறகு ஐஎஸ். ஷட்டரைப் பாதி அழுத்தினால் காதுக்கு லேசான இரைச்சல் கேட்கலாம், அது இயல்பு. வியூஃபைண்டரில் காட்சி துள்ளினாலோ வழுக்கிக்கொண்டே போனாலோ வேண்டாம்.

கடைசியாக ஒரு செங்கல் சுவர், இல்லையென்றால் ஷட்டர் போட்ட கடைக் கதவு. நேர் எதிரே நின்று 17 மிமீ, எஃப் 2.8. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் குழைவு என்றால் எங்கோ விழுந்து கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், முடிந்தால் ஒரு ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தி மறுபடி போடலாம். எல்லாவற்றையும் விட நல்லது லென்ஸை வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து உபயோகிப்பது.

14 டிசம்பர்

நேற்று கார்த்திகை தீபம். வீட்டு வாசல் படியில் அகல் விளக்கு வரிசை, தங்கை மகள் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ட்யூப் லைட்டை அணைத்துவிட்டோம். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/60. கிட் லென்ஸாக இருந்தால் 55 மிமீயில் ஷட்டர் 1/15க்கு இறங்கியிருக்கும், கை அசைவு முழுக்கப் பட்டையாக வந்திருக்கும்.

எஃப் 2.8க்கும் ஒரு விலை உண்டு. ஒன்றரை மீட்டரிலிருந்து 55 மிமீயில் எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். விளக்குச் சுடரில் ஃபோகஸ் வைத்தால் குனிந்திருக்கும் முகம் குழைந்துவிடும். அதே இடத்தில் நின்று 24 மிமீக்கு வந்தால் அந்த ஆழம் 40 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும், சுடர், விரல், முகம் மூன்றும் அடங்கும். நேற்று எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் 20க்கும் 30க்கும் நடுவில் எடுத்தவை. மங்கலான இடத்தில் குழந்தையை எடுக்கும்போது ஜூமைச் சுருக்கி, ஓர் அடி கிட்டப் போங்கள்.

இன்னொன்று, யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருந்தால் ஒவ்வொரு சுடருக்கும் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒரு பச்சைப் புள்ளி வரும், வரிசையாக விளக்கு இருந்தால் வரிசையாகப் புள்ளி. ஃபில்டர் இல்லாவிட்டாலும் இந்த லென்ஸில் கொஞ்சம் ஃப்ளேர் (ஒளிச் சிதறல்) உண்டு, ஆனால் அது தாங்கும்.

21 டிசம்பர்

எடையைப் பற்றி 1ஆம் தேதி ஒரு வரியில் தாண்டிவிட்டேன், அது போதாது. மார்கழிக் காலையில் கோலம் எடுக்கத் தெருத் தெருவாக நடக்கிறேன். 17-55 மாட்டிய 70டி கழுத்தில் தொங்கினால் ஒரு மணி நேரத்தில் தோள் பேசும். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு, குறுக்காகப் போடும் பட்டைக்கு மாறிய பிறகு தேவலை. ஆனாலும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் ஊர்ப் பயணம் என்றால் நான் இன்றைக்கும் கிட் லென்ஸைத்தான் மாட்டுகிறேன். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போக வைக்கும் லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி அரை நாள் தூக்கிப் பாருங்கள்.

5 ஜனவரி 2025

"இனி எஸ்எல்ஆர் லென்ஸில் பணம் போடுவதே வீண், மிரர்லெஸ் வாங்கச் சொல்லுங்கள்" என்று ஒரு கருத்து. பாடியையும் மாற்றப் போகிறவருக்கு அது சரியான பேச்சு. கேனானின் மிரர்லெஸ் ஆர்50 மாதிரிப் பாடிக்குச் சிக்மாவின் 18-50 எஃப் 2.8 2024இல் கேனான் ஆர்எஃப் மவுண்டிலும் (லென்ஸ் மாட்டும் வாய்) வந்துவிட்டது. 300 கிராம்தான், 17-55இல் பாதிக்கும் குறைவு. லென்ஸிலும் ஐஎஸ் இல்லை, ஆர்50 உடம்பிலும் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பாடியை மாற்ற இப்போது வசதி இல்லாதவருக்கு 17-55 வீண் இல்லை. இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் எந்த ஆர் பாடியிலும் ஆட்டோ ஃபோகஸ், ஐஎஸ் எல்லாம் வேலை செய்யும். ஃபுல் ஃப்ரேம் ஆர் பாடியில் கேமரா தானாகவே கிராப்புக்குப் போய்விடும், 24 மெகாபிக்சல் 9 சொச்சமாகக் குறையும். பழைய 6டி, 5டி மாதிரி ஃபுல் ஃப்ரேம் எஸ்எல்ஆரில் மட்டும் இது மாட்டவே மாட்டாது.

19 ஜனவரி

கேள்வி கேட்டவர் 17-55 வாங்கிவிட்டார், செகண்ட் ஹேண்ட். பொங்கல் படங்கள் அனுப்பியிருந்தார். பானை பொங்கும்போது புகைக்குள் மகள் கைதட்டும் படம், 1/200, முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. மிகச் சந்தோஷம்.

சில படங்களில் ஃபோகஸ் கண்ணை விட்டு மூக்கு நுனியில் நிற்கிறது என்கிறார். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரே பொருளை வியூஃபைண்டர் வழியாகவும் லைவ் வியூவிலும் (பின்திரையைப் பார்த்து) எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ கூர்மையாக வந்து மற்றது தொடர்ந்து முன்னால் விழுந்தால் சீரமைப்புக் குறை. 70டியில் நாமே மெனுவில் சரி செய்யலாம், 700டியில் அந்த வசதி இல்லை. பாடியையும் லென்ஸையும் சேர்த்துச் சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். இரண்டும் கூர்மையாக வந்தால் லென்ஸில் குறை இல்லை. ஒன்பது புள்ளியையும் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டிருப்பீர்கள், நடுப்புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணில் பிடியுங்கள்.

20 ஜனவரி

அவரே கேட்ட இன்னொன்று: ஃப்ளாஷ் போட்டால் படத்தின் அடியில் அரைவட்டமாகக் கறுப்பு. கேமராவோடு வரும் ஃப்ளாஷ் தாழ்வாக இருக்கிறது, இந்த லென்ஸ் பெரியது, அதன் நிழல்தான் அது. ஹூடைக் கழற்றினால் குறையும், 17இல் முழுக்கப் போகாது. 28க்கு மேல் ஜூம் செய்து பாருங்கள். அடிக்கடி ஃப்ளாஷ் தேவைப்பட்டால் தலை திருப்பக்கூடிய தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்கி, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கூரையைப் பார்த்து அடியுங்கள்.